கிறித்தவர் கூறும் இறைவன்



"உங்களுக்குக் கடவுள் உண்டா, இல்லையா?" என்னும் வினாவை எதிர்கொள்ளாத தமிழ்ச் சமணர் எவரும் இரார். "உலகைப் படைத்தவன் என ஒருவன் இல்லை, வினை நீங்கி வீடுற்ற அருகனே எமக்குக் கடவுள்" என்று நாமும் மனப்பாடம் ஒப்பிப்பது போல் விடையிறுத்து விடுகிறோம். ஆனால் வினவியவரை நோக்கி, "நீங்கள் கடவுள் என்பது யாரை?" என்று திருப்பிக் கேட்பதில்லை. கேட்டாலும் விடையை முழுவதும் செவிமடுப்பதில்லை. இக்குறை என்னிடமும் நெடுங்காலம் இருந்தது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரொன்றில் பிறந்த நான், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, 1971ஆம் ஆண்டில் அந்நாளைய தருமபுரி மாவட்டத்திற்குப் பணியேற்க வந்தேன். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. குருபரப்பள்ளியே எனக்கு ஊராயிற்று. அன்று மாந்தோப்புகளாக இருந்த நிலங்கள் பலவற்றில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. ஓசூர்ச் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓய்வதில்லை. என்னுடன் பல்லாண்டுகள் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், கிருஷ்ணகிரியை அடுத்த எலத்தகிரியைச் சேர்ந்தவர். அது கத்தோலிக்கர் மிகுந்து வாழும் ஊர். அவர் என்னை "அக்கா" என்றழைப்பார். பொழுது சாயும் முன் நான் உணவு கொள்ள வேண்டும் என்பதறிந்து, ஆசிரியர் கூட்டம் நீளும் போதெல்லாம் தலைமையாசிரியரிடம் எனக்காக விடை கேட்பவரும் அவரே. கிறித்தவ சமயத்தைப் பற்றி நான் அறிந்தவற்றுள் பாதி நூல்களிலிருந்து வந்தது. மீதி அவரிடமிருந்து வந்தது.

முதலில் சொல்லே எனக்கு இடறிற்று. கிறித்தவ வேதத்தின் தமிழ்ப் பெயர்ப்பில், 1871இல் வெளிவந்து இன்றளவும் சீர்திருத்தக் கிறித்தவர் பெரிதும் ஓதி வருகின்ற பதிப்பில், இறைவனுக்குத் "தேவன்" என்றே பெயர். நமக்கோ தேவன் என்பான் நான்கு கதிகளுள் ஒன்றாகிய தேவகதியில் பிறந்தவன். நல்வினை தீருமளவும் இன்பம் துய்த்து, ஆயுள் முடிந்ததும் இழிந்து மீண்டும் பிறப்பவன். அத்தகைய ஒருவன் வானையும் மண்ணையும் உண்டாக்கினான் என்று கேட்டால் சமணக் குழந்தையும் நகைக்கும். ஆனால் இவ்வெல்லைப்புறத்தில் என் மாணவர் பலர் வீட்டில் தெலுங்கு பேசுவோர். அவர்க்குக் கடவுள் "தேவுடு". கன்னடம் பேசுவோர்க்குத் "தேவரு". அவர்கள் செவியில் தேவன் என்னும் சொல் இயல்பாகவே விழுந்தது. குற்றம் சொல்லில் இல்லை. சொல்லைக் கேட்கும் செவி எவ்வீட்டில் வளர்ந்தது என்பதில் இருந்தது.

இச்சொல்லைத் தேடி அவர்களும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அலைந்திருக்கின்றனர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய "தம்பிரான் வணக்கம்" என்னும் சிறு நூலில் அன்றீக்கு அடிகளார் "தம்பிரான்" என்றார். 1606இல் மதுரைக்கு வந்து, புலால் நீக்கித் துறவி போல் வாழ்ந்த இராபர்ட் தெ நொபிலி "சர்வேசுரன்" என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியுசு "பராபரன்" என்றார். பின்னர் "தேவன்" வந்தது. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் "கடவுள்" என்னும் சொல் நிலைபெற்றது. அருகக் கடவுள் என்று நாம் வழங்கும் அதே சொல். ஆயினும் உட்பொருள் வேறு. நமக்குக் கடவுள்தன்மை என்பது அடையப்படுவது. எண்ணற்ற உயிர்கள் அடைந்தன, இனியும் அடையும். அவர்க்குக் கடவுள் ஒருவரே. எவ்வளவு தவம் செய்தும் எவ்வுயிரும் அவராக மாட்டாது. நாம் ஏறிச் செல்லும் நிலையைச் சொல்கிறோம். அவர்கள் இறங்கி வரும் ஒருவரைச் சொல்கின்றனர்.

(ஜி.யூ. போப் ஐயர் 1886இல் திருக்குறளையும் 1893இல் நம் நாலடியாரையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். வள்ளுவர் மயிலாப்பூரில் கிறித்தவ போதனையைக் கேட்டிருக்கக்கூடும் என்று அவர் கருதினார். குறளின் முதல் அதிகாரத்தில் அருகனையே காணும் நம்மவர் இதைக் கேட்டுப் புன்முறுவல் பூப்பர். ஆயினும் நாலடியாரை அத்துணை உழைப்புடன் உலகுக்குக் காட்டியவரிடம் எனக்குக் கோபம் வருவதில்லை.)

இனிப் படைப்பு. நம் ஆசாரியர் ஜினசேனர் ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய ஆதிபுராணத்தில் படைப்போனைக் குறித்து அடுக்கடுக்காக வினாக்கள் தொடுக்கிறார். உலகம் உண்டாகுமுன் அவன் எங்கே இருந்தான்? எப்பொருளைக் கொண்டு ஆக்கினான்? குறைவிலான் ஆயின் ஆக்கும் விருப்பம் ஏன் எழுந்தது? அருளாளன் ஆயின் துன்பத்தை ஏன் சேர்த்துப் படைத்தான்? இளமையில் இவ்வினாக்களைத் தோழியின் முன் வரிசையாக வைத்துவிட்டு, வாதில் வென்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பியதுண்டு.

பின்னர்தான் தெரிந்தது, அவர்களுடைய அறிஞரும் இவ்வினாக்களை அறியாதவர் அல்லர் என்று. வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்து 430இல் மறைந்த அகுஸ்தீனார், "படைப்புக்கு முன் கடவுள் என் செய்து கொண்டிருந்தார்?" என்பதை ஆராய்ந்து, காலமும் படைக்கப்பட்ட ஒன்றே, ஆகவே அங்கு "முன்" என்பதே இல்லை என்று விடை கூறினார். எப்பொருளைக் கொண்டு என்னும் வினாவுக்கு, எப்பொருளையும் கொண்டு அன்று, இன்மையிலிருந்தே ஆக்கினார் என்பது அவர்தம் கோட்பாடு. குயவன் மண்ணைப் பிசைந்து குடம் வனைவது போன்ற படைப்பாளியை நம் ஆசாரியரின் வினாக்கள் தகர்த்து விடுகின்றன. காலத்துக்கும் இடத்துக்கும் புறம்பாக வைத்துப் பேசப்படும் இவரை முதலிரண்டு வினாக்களும் நேரே சென்று தொடுவதில்லை. இதனை ஒப்புக்கொள்ளுவதால் நம் சமயத்திற்கு இழுக்கில்லை. உள்ளது சிதையாது, இல்லது தோன்றாது என்று கொண்ட நமக்கு, இன்மையிலிருந்து ஒன்று தோன்றிற்று என்பது இன்றும் ஏலாது. குறைவிலார்க்கு ஏன் விருப்பம் என்றால், "தேவை பற்றியன்று, அன்பு பெருகியதால்" என்பர். இவ்விடை என் அறிவுக்கு நிறைவு தரவில்லை. நான்காம் வினாவுக்குப் பின்னர் வருவேன்.

மூவொருமை என்னும் கொள்கையில் நான் பட்ட தோல்வியைச் சொல்லாமல் விடலாகாது. கடவுள் ஒருவரே, ஆயினும் தந்தை, மகன், தூய ஆவி என மூவர் என்பது அவர்தம் நம்பிக்கை. பழைய வழக்கில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. இதனை நான் நம் நூல்முறைப்படி எளிதில் விளக்கிவிட்டதாக எண்ணினேன். பொருள் ஒன்று, பரியாயம் பல அன்றோ? பொன் ஒன்றே, வளையாகவும், மோதிரமாகவும், தோடாகவும் ஆகிறது. அதுபோல ஒரே கடவுள் மூன்று நிலைகளில் தோன்றுகிறார் என்று கரும்பலகையில் படமே வரைந்து காட்டினேன். தோழி தம் பங்குத் தந்தையாரிடம் கேட்டுவந்து மறுவாரம் சொன்னார்: "அக்கா, நீங்க சொன்னது ரொம்ப அழகா இருக்கு. ஆனா அப்படிச் சொல்லக்கூடாதுன்னு சபை அந்தக் காலத்திலேயே தீர்ப்புச் சொல்லிடுச்சாம்." சபேலியுசு என்பார் மூன்றாம் நூற்றாண்டில் கூறிய கருத்து அது, அன்றே தவறென ஒதுக்கப்பட்டது. வளையாக இருக்கும் பொன் அதே பொழுதில் மோதிரமாக இல்லை. அவர்களுடைய மூவரோ என்றும் ஒருங்கே உள்ளவர். தந்தை மகனிடம் பேசுகிறார், மகன் தந்தையை வேண்டுகிறார்.

மற்றொரு புறம், மகன் என்பார் தந்தையால் படைக்கப்பட்டவரே என்றார் அலெக்சாந்திரியாவில் இருந்த ஆரியுசு என்னும் குரு. அதைத் தீர்க்கவே 325இல், இன்று துருக்கி நாட்டிலுள்ள நிசேயா நகரில் ஆயர்கள் கூடினர். 2025இல் அதன் 1700ஆம் ஆண்டு நிறைவைக் கிறித்தவ உலகம் கொண்டாடிற்று. மகன் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர் என்பது அங்கு செய்த முடிபு. இதில் அவர்கள் காக்க முயன்றது யாது எனப் பன்னாள் எண்ணிப் பார்த்தேன். அன்பு என்பது கடவுளின் இயல்பே என்றால், உலகம் இல்லாத பொழுதும் அன்பு செலுத்த அவருள்ளேயே ஒருவர் இருந்தாக வேண்டும். தனியொருவராய் இருந்தவர் எவரை நேசித்தார்? மூவொருமை கணக்கில் வந்த பிழையன்று, அன்பைக் கடவுளின் உள்ளேயே வைப்பதற்காகக் கொண்ட கோட்பாடு என்று இப்போது எனக்குப் படுகிறது. நம் சித்த பரமேட்டியிடம் நாம் போற்றுவது எல்லையற்ற அறிவும், காட்சியும், ஆற்றலும், இன்பமும் ஆகும். பற்றும் செற்றமும் அறவே இன்மையாகும். அன்பும் ஒரு பற்றே என்று நாம் அதனைக் கடந்த இடத்தில் கடவுளை வைக்கிறோம். அவர்கள் அன்பிலேயே வைக்கின்றனர்.

நான்காம் வினாவுக்கு வருகிறேன். 2004 திசம்பர் 26, கிறித்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர் பலரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. வழிபட வந்தவர்கள், சிறு குழந்தைகளும் அவருள் இருந்தனர். விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும், நான் தோழியிடம் கேட்டேவிட்டேன்: "எல்லாம் வல்லவர் என்கிறீர்களே, உங்கள் மாதா கோயில் வாசலிலேயே இப்படி நடந்ததே?" கேட்ட பின்னர் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றிற்று. அவர் சற்று நேரம் கையிலிருந்த வருகைப் பதிவேட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். "எனக்குத் தெரியல அக்கா. ஆனா அவரு கரையில நின்னு வேடிக்கை பார்க்கல. தண்ணிக்குள்ள போனவங்களோடதான் இருந்தாருன்னு நம்புறேன்" என்றார்.

இது வாதத்திற்கு விடையன்று. ஆயின் நம் விடை என்ன? அவரவர் முன்செய்த வினையின் பயன் என்போம். நூல்முறைப்படி அது தெளிவானது. எவர்மீதும் பழி சுமத்தாதது. ஆயினும் குழந்தையை இழந்து மணலில் கிடந்த தாயின் முன் நின்று அச்சொல்லைச் சொல்ல என் நா எழுந்திராது. உண்மையாயினும் ஓரிடத்தில் சொல்ல இயலாத ஒன்றை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் எவ்வளவு எளிதாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்று அன்று உறுத்திற்று.

அவர் சொன்னதன் பொருள், அடுத்த கோடையில் எலத்தகிரிக்கு ஒரு திருமணத்திற்குச் சென்றபோதுதான் விளங்கிற்று. ஆலயத்தில் பீடத்தின் மேல் இருந்த உருவத்தை நெடுநேரம் நோக்கினேன். நம் ஜினாலயத்தில் காயோற்சர்க்க நிலையில் நிற்கும் தீர்த்தங்கரரும் ஆடையணி இன்றியே நிற்கிறார். கைகள் இருபுறமும் நேரே தாழ்ந்திருக்கும். முகத்தில் சலனம் இல்லை. மழையோ வெயிலோ கொடியோ புற்றோ அவரைத் தொடுவதில்லை. இங்கோ கைகள் அகல விரித்து ஆணியால் அறையப்பட்டிருந்தன, தலை சாய்ந்திருந்தது, விலாவில் காயம். துன்பத்தை வென்றவரை நாம் வணங்குகிறோம். துன்பத்தில் இருப்பவரை அவர்கள் வணங்குகின்றனர். அவர்தம் அறிஞரும் இதில் எளிதாக நடந்துவிடவில்லை. இறைத்தன்மை துன்புறாது, மாறாது என்பது அவர்தம் பழைய முடிபு. நம் முடிபுக்கு வெகு அண்மையது. ஆகவே 451இல் கால்செதோன் என்னும் நகரில் கூடிய சங்கத்தில், இயேசு ஒருவரிடமே இறைத்தன்மை, மனிதத்தன்மை என இரண்டும் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என வரையறுத்தனர். துன்புற்றது மனிதத்தன்மையில்; துன்புற்றவர் கடவுளே. இது தருக்கத்தில் நிற்குமா என்பதைத் தருக்கம் வல்லோர் ஆராயட்டும்.

எஞ்சியது மன்னிப்பு. இதுவே கருவென நான் கருதுகிறேன். தெ நொபிலி அடிகள் மறுபிறப்பை மறுப்பதற்கென்றே "புனர்ஜென்ம ஆட்சேபம்" என்று ஒரு நூல் எழுதினார். ஏன் அத்துணை முனைப்பு? வினையும் பிறவியும் தாமே கணக்கைத் தீர்த்துக் கொள்ளுமாயின், மன்னிப்பதற்கென ஒரு கடவுளுக்கு வேலை இராது என்பதை அவர் கண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. லூக்கா எழுதிய நற்செய்தியில் இயேசு கூறிய கதை ஒன்று உண்டு. இளைய மகன் தன் பங்குச் சொத்தை வாங்கிப் போய், அழித்து, பன்றி மேய்த்து, பசியோடு வீடு திரும்புகிறான். தந்தை ஓடிச் சென்று தழுவி விருந்து வைக்கிறார். உடனிருந்து உழைத்த மூத்தவன் சினந்து வீட்டினுள் நுழைய மறுக்கிறான். கடவுள் யார் என்று கேட்டால் கிறித்தவர் பலர் இத்தந்தையையே காட்டுவர். (தந்தை என்று அழைத்தும் "நீர்" என்றே வேண்டுவர். எங்கள் வீட்டில் அப்பாவை "நீர்" என்றிருந்தால் முதுகில் அறை விழுந்திருக்கும்.) நான் இக்கதையைக் கேட்கும் போதெல்லாம் மூத்த மகனின் பக்கமே நின்றிருக்கிறேன். தேர்வில் கருணை மதிப்பெண் போடுவதையே விரும்பாத ஆசிரியை நான்.

எண்பதுகளில், ஒரு நடுநிலைப்பள்ளியில் சஞ்சயிகா சேமிப்புப் பணம் என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் என் மேசை இழுப்பறையிலிருந்து அறுபது ரூபாய் காணாமற் போயிற்று. எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எடுத்ததாக ஒப்புக்கொண்டான். கல் உடைக்கும் தொழிலாளியின் மகன். "நாம ரெண்டு பேரும் போட்டுக் கணக்கை முடிச்சிடலாம் அக்கா, பையனை விட்டுடலாம்" என்று தோழி மன்றாடினார். செய்வினையின் பயனை அவன் அறிய வேண்டும் என்று நான் மேலிடத்தில் அறிவித்தேன். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. நான் தேடிப் போகவும் இல்லை. அன்று தோழி சொன்ன ஒன்றை இன்று வேறுவிதமாகக் கேட்கிறேன்: "மன்னிக்கிறதுன்னா கடன் இல்லாமப் போறதில்ல அக்கா. யாரோ ஒருத்தர் கையிலிருந்து கட்டணும்." சிலுவைக்கு அவர்கள் தரும் பொருள் முழுவதும் இதில் அடங்கும். கடனைத் தாமே கட்டுபவர் கடவுள்.

நான் இதனை ஏற்கவில்லை. ஒருவன் வினையை மற்றொருவன் தீர்க்க இயலாது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. வினை உதிர்வது அவரவர் தவத்தால், நல்லொழுக்கத்தால். ஆனால் நம் பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. தசலட்சணப் பருவம் நிறைவுறும்போது எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். ஆண்டுதோறும் வேண்டியிருக்கிறேன், எல்லா உயிர்களிடமும் வேண்டுவது எளிது. அவற்றுள் ஒன்று, இங்குள்ள தொழிற்சாலை ஒன்றின் வாயிலில் காவலராக நிற்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டேன். "வணக்கம் டீச்சர்" என்றது அவர்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பருவம் முடிந்த மறுநாள் காலையில் நடந்தே சென்றேன். "அன்று நான் உன்னிடம் நடந்துகொண்ட முறைக்கு என்னை மன்னித்துவிடு அப்பா. அந்த அறுபது ரூபாயை நானே கட்டியிருக்க வேண்டும்" என்றேன். அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். சற்றே கூச்சத்துடன், "அறுபது இல்லீங்க டீச்சர். நாப்பதுதான் எடுத்தேன். அப்பவே சொன்னேன், நீங்க கேக்கல" என்றார். அதற்குள் லாரி ஒன்று வந்து ஒலி எழுப்பவே, வாயிலைத் திறக்கப் போனார்.

பழைய கணக்குப் புத்தகம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். கூட்டலில் பிழை எதுவும் தென்படவில்லை. மீதி இருபது ரூபாய் எங்கே போயிற்று என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.